மாண்டுபோன மாகாணம் விட்டுச்சென்ற திங்கட்கிழமை

நம் ஒன்றியத்தின் மூன்று மாகாண அதிபர்களை ஒரே வரிசையில் அமர்த்தி, அவர்களுக்கு நடுவே தண்ணீர்ப் போத்தல்களை எல்லைக்கற்களாக நட்டு, இந்த மேடையில் அமைதி காத்துவரும் ஆக்லாந்துத் தமிழ் ஒன்றியத் தலைவர் பாக்யலட்சுமி அம்மையார் அவர்களே! நகரின் கிழக்கே பக்குரங்காவை ஆளும் பெரியவர் திருநாவுக்கரசு அவர்களே! வடமேற்கே மாசியை ஆளும், இன்று மதியத்துக்குள் அதைத் தனிச் சங்கமாக்கிவிடும் உறுதியோடு வந்திருக்கும் அண்ணர் கதிர்காமநாதன் அவர்களே! மேற்கே நியூ லின்னை ஆளும், ஆனால் இந்த நேரத்தில் தம் நாற்காலியில் இல்லாமல் வெளியே கார் நிறுத்துமிடத்தில் கேஸ் அடுப்போடு போராடிக்கொண்டிருக்கும் சகோதரி ரதிதேவி அவர்களே!

இந்த நகரம் எழுவதற்கு முதலில் இடம் கொடுத்த ங்காட்டி ஃபாட்டுவா மாவோரி மக்களே! நீங்கள் இந்த மண்டபத்தில் இல்லை. இருந்தாலும் இல்லாவிட்டாலும், வீட்டுக்காரருக்குத்தான் முதல் வணக்கம், குடிவந்தவர்களுக்கு அப்புறம்.

சான்றோர்களே! தாய்மார்களே! தாய்மாராகப் போகிறவர்களே! குறிப்பாக, மூன்றாம் வரிசையின் ஓரத்தில், எழுந்து போக வசதியாக அமர்ந்திருக்கும் தங்கை லக்ஷ்மிப்ரியா அவர்களே! அவர் பக்கத்தில், அவரைவிட அதிகமாக மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் கணவர் அரவிந்த் அவர்களே! நாம் தமிழில் எதைக் கேட்டாலும் ஆங்கிலத்தில் பதில் சொல்லி, இரு மொழிகளுக்கும் ஒரே நேரத்தில் வாழ்வளித்து வரும் குழந்தைச் செல்வங்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்!

இந்த மேடைக்கு என்னை அழைத்ததற்கு என் அறிவு காரணமல்ல. பக்குரங்காக்காரர் பேசினால் மாசி எழுந்து போகும். மாசிக்காரர் பேசினால் நியூ லின் கைபேசியைப் பார்க்கும். நியூ லின்காரர் பேசினால், மோட்டார்வேயில் நெரிசல் தொடங்குமுன் கிளம்புகிறோம் என்று பக்குரங்கா சொல்லும். நானோ ஒனிஹங்காவில் குடியிருப்பவன். நம் ஒன்றியத்தின் வரைபடத்தில் ஒனிஹங்கா எந்த மாகாணத்திலும் இல்லை. படம் வரைந்த அன்று அந்த இடத்தில் ஒரு தேநீர்க் கோப்பை இருந்ததாகக் கேள்வி. ஆகவே நான் நடுநிலையாளன். என் நடுநிலை கொள்கையால் வந்ததல்ல, கோப்பையால் வந்தது.

எனக்கு இட்ட பணி எளியது. வெளியே மூன்று மாகாணங்களின் மூன்று பானைகள் அடுப்பில் ஏறுகின்றன. அவை பொங்கும்வரை நான் பேச வேண்டும். பொங்கியபின் ஒரு நொடியும் பேசக்கூடாது. தலைப்பு, ஆக்லாந்து மாகாணத்தின் வரலாறும் அதன் அரசாட்சியும். பேச்சு முடிந்ததும், சாப்பாட்டுக்கு முன்னால், மாசி பிரிந்து போவதா என்ற தீர்மானம் வாக்குக்கு வரும். வாக்கெடுப்பைச் சாப்பாட்டுக்கு முன்னால் வைத்தவர் யாரோ தெரியவில்லை. பசித்த தமிழனிடம் எதைக் கேட்டாலும் கையைத் தூக்கிவிடுவான் என்று அறிந்த பேரறிஞர் அவர்.

அவையோரே! இன்று என்ன நாள்?

லாங் வீக்கெண்ட் என்கிறது ஒரு குரல். சரியான விடை. ஆனால் வரலாற்று ஆசிரியர் மதிப்பெண் தரமாட்டார். இன்று ஆக்லாந்து ஆண்டுவிழாத் திங்கள். ஆயிரத்து எண்ணூற்று நாற்பதாம் ஆண்டு சனவரி இருபத்தொன்பதாம் நாள் பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதி ஒருவர் கப்பலில் வந்து சேர்ந்தார். எங்கே வந்து சேர்ந்தார்? ஆக்லாந்துக்கா? இல்லை. வடக்கே, பே ஆஃப் ஐலண்ட்ஸுக்கு. அன்று ஆக்லாந்து என்று ஒரு நகரம் இருந்ததா? இல்லை. ஆக்லாந்து மாகாணம் இருந்ததா? இல்லவே இல்லை. பிறக்காத மாகாணத்தின் பெயரால், எழும்பாத நகரத்தின் பெயரால், வேறோர் ஊருக்கு ஒருவர் வந்து சேர்ந்ததை நாம் ஆண்டுதோறும் படுத்துத் தூங்கிக் கொண்டாடுகிறோம்!

சரி, பிறகாவது அந்த மாகாணம் பிறந்ததா? பிறந்தது. இருக்கிறதா? இல்லை. ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தாறு நவம்பர் முதல் நாள் அதை ஒழித்துவிட்டார்கள். மாகாணம் போயிற்று. மாகாண சபை போயிற்று. மாகாண அதிபர் போனார். ஆனால் விடுமுறை மட்டும் போகவில்லை. ஏன் போகவில்லை? அரசுகளை ஒழிக்கலாம், அவையோரே. திங்கட்கிழமை லீவை ஒழிக்க இந்த உலகத்தில் எந்த அரசுக்கும் துணிச்சல் கிடையாது!

ஆக, நான் சொல்ல வருவது என்ன? தேதி பொருந்தாவிட்டாலும், இன்றைய நாள் காலமான ஒரு மாகாணத்தின் திதி. அந்தத் திதியில் நாம் என்ன செய்கிறோம்? சர்க்கரைப் பொங்கல் வைக்கிறோம்! தை பிறக்கும் நாளில் இங்கே எல்லாருக்கும் வேலை இருக்கும், மண்டபம் கிடைக்காது. ஆனால் இந்த ஆண்டுவிழாத் திங்கள் எந்த ஆண்டிலும் தை மாதத்துக்குள்தான் வந்து விழும். ஆகவே மாண்டுபோன மாகாணத்தின் திதியன்று முந்திரியை நெய்யில் வறுத்துக் கொட்டி, வேட்டி கட்டி, செல்ஃபி எடுத்து மகிழும் ஒரே இனம் நம் இனம். அந்த மாகாணத்தின் ஆவி இங்கே எங்காவது உலவுமானால், குழம்பிப்போய்ப் பந்தியில் உட்கார்ந்திருக்கும்.

அந்த மாகாணம் எப்படி ஆண்டது? கேளுங்கள். ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்திரண்டில் லண்டனில் ஒரு சட்டம் இயற்றினார்கள். அடுத்த ஆண்டு இந்த நாட்டை ஆறு மாகாணங்களாகப் பிரித்தார்கள். மாகாணத்துக்கு ஒரு சபை, சபைக்கு மேலே மக்கள் தேர்ந்தெடுத்த ஓர் அதிபர். ஆக்லாந்து மாகாணத்தின் தெற்கு எல்லை எது? ஆறா? மலையா? முப்பத்தொன்பதாம் அட்சரேகை! நடந்து போகிறவன் காலில் தட்டுப்படாத எல்லை. ஆடு தாண்டினால் ஆட்டுக்குத் தெரியாது. ஆட்டுக்காரனுக்கும் தெரியாது. லண்டனில் தெரியும்.

முதல் மாகாண அதிபர் ஓர் இராணுவ அதிகாரி. கொஞ்ச நாளில் நாட்டின் தற்காலிக ஆளுநர் பொறுப்பும் அவரிடமே வந்து சேர்ந்தது. அதாவது மாகாண அதிபர் ஆளுநருக்குக் கடிதம் எழுத வேண்டுமென்றால், மேசையின் இந்தப் பக்கம் உட்கார்ந்து எழுதி, எழுந்து சுற்றிவந்து, அந்தப் பக்கம் உட்கார்ந்து படித்திருக்க வேண்டும். அப்படிச் செய்தாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் நம் ஒன்றியத்தில் பொருளாளரும் கணக்குத் தணிக்கையாளரும் ஒருவரே என்பதால், அது முடியும் என்று தெரியும்.

அவருக்குப் பின் இரண்டு ஆண்டுக்குள் மேலும் மூன்று பேர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார்கள். நாட்டின் முதல் நாடாளுமன்றம் கூடியதும் இந்த ஆக்லாந்தில்தான். அவசரத்தில் எழுப்பிய மரக்கட்டடம். கொட்டகை என்று ஊரே கேலி செய்தது. கொட்டகையில்தான் ஜனநாயகம் பிறந்தது. நாமும் கொட்டகையில்தான் இருக்கிறோம். ஆனால் நம்முடையதற்கு மணிக்கணக்கில் வாடகை.

அங்கே யார் வாக்களித்தார்கள் தெரியுமா? சொத்துள்ள ஆண்கள். பெண்களுக்கு இல்லை. மாவோரி மக்கள் நிலத்தைக் கூட்டாக வைத்திருந்தார்கள். தனிப் பட்டா இல்லை என்பதால் அவர்களில் பெரும்பாலோருக்கு வாக்கு இல்லை. மாகாணத்தில் மிகுதியான நிலம் யாருடையதோ, அவர்களுக்கு மாகாணத்தில் கை தூக்க உரிமையில்லை. பிறகு போர் வந்தது. வைக்காட்டோப் பகுதியில் அந்த நிலத்தையும் அரசு பறித்தது. இந்த இடத்தில் என்னிடம் நகைச்சுவை எதுவும் இல்லை. கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

சிரித்த முகத்தோடு அடுத்ததைக் கேளுங்கள், அது சிரிக்க வேண்டியது. ஒவ்வொரு மாகாணமும் தனக்குத் தனக்கென்று ரயில் போடப் புறப்பட்டது. கேன்டர்பரி அகலமான தண்டவாளம் போட்டது. சவுத்லாந்து வேறோர் அகலத்தில் போட்டது. இந்த மாகாணத்து ரயில் அந்த மாகாணத்தில் ஓடாது! ஒரே தீவு. ஒரே இராணி. ஒரே மழை. தண்டவாளம் மட்டும் வேறு வேறு. நேரமும் அப்படித்தான், ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தெட்டு வரை ஊருக்கு ஊர் தன் தன் சூரியனைப் பார்த்துக் கடிகாரம் வைத்துக்கொண்டது.

இந்தச் சவுத்லாந்து இருக்கிறதே, அதன் கதையை மாசி மக்கள் ஊன்றிக் கேட்க வேண்டும். அது ஒட்டாகோ மாகாணத்தோடு இருந்த பகுதி. எங்களை மதிக்கவில்லை, நாங்கள் தனியே போகிறோம் என்று ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தொன்றில் பிரிந்தது. சொந்த அதிபர், சொந்த சபை. பிரிந்த மகிழ்ச்சியில் ஒரு ரயில் பாதை போட்டது. இரும்பு விலை அதிகம் என்பதால் எதில் போட்டது? மரத்தில்! மரத் தண்டவாளம்! தென்கோடியில், மழை விடாத ஊரில், மரத் தண்டவாளம்! நனைந்த மரத்தில் சக்கரம் சுற்றியது, ரயில் நகரவில்லை. நாம் ஜிம்மில் ஓடுகிறோமே, அதுபோல. பத்தாண்டு முடியுமுன் கடனில் மூழ்கி, தலையைத் துவட்டிக்கொண்டு, மறுபடியும் ஒட்டாகோவிடமே வந்து சேர்ந்தது.

என்ன, பின்வரிசையிலிருந்து ஒரு மாசிக் குரல்? "எங்களைத்தானே சொல்லுறியள்" என்கிறீர்களா? சேச்சே. நான் ரயிலைப் பற்றிப் பேசுகிறேன்.

இனி நம்மைப் பற்றிப் பேசுகிறேன்.

நம் ஒன்றியத்துக்கு ஏன் மாகாணங்கள் வந்தன? பொங்கல் எங்கே வைப்பது என்ற சண்டையால் வந்தன. பக்குரங்காவில் வைத்தால் மாசிக்குத் தூரம். மாசியில் வைத்தால் பக்குரங்காவுக்குத் தூரம். நியூ லின்னில் வைத்தால் எல்லோருக்கும் பக்கம். ஆனால் கார் நிறுத்த இடமில்லை. ஓராண்டு பொதுக்குழுவில் திருநாவுக்கரசு ஐயா எழுந்தார். அவர் ஐ.டி. மேலாளர்; எந்தச் சிக்கலையும் மூன்று துண்டாக்கி, துண்டுக்கு ஒரு பொறுப்பாளர் போட்டால் தீர்ந்தது என்ற தத்துவம் உடையவர். வரைபடத்தை விரித்தார். தடித்த மார்க்கர் ஒன்றை எடுத்தார். இரண்டு கோடு கிழித்தார். மூன்று மாகாணம் பிறந்தது. லண்டனுக்கு ஒரு சட்டம் தேவைப்பட்டது. நமக்கு மார்க்கர் போதுமாயிருந்தது.

அன்று முதல் பாருங்கள்! பக்குரங்கா சென்னைப் பஞ்சாங்கம் பார்த்து நேரம் குறித்தது. மாசி யாழ்ப்பாணப் பஞ்சாங்கம் பார்த்துக் குறித்தது. நியூ லின் மண்டபச் சாவி வரும் நேரம் பார்த்துக் குறித்தது. பானை தனி, அகப்பை தனி, அடுப்பு தனி. சென்ற ஆண்டு, ஒற்றுமையைக் காட்டலாம் என்று, மூன்று பானையையும் ஒரே இடத்தில் வைத்தோம். மாசியின் சிலிண்டரில் கேஸ் தீர்ந்துபோயிற்று. பக்குரங்கா பெருந்தன்மையோடு தன் சிலிண்டரைக் கொடுத்தது. பக்குரங்காவின் சிலிண்டர் வாய் புது மாதிரி. மாசியின் குழாய் பழைய மாதிரி. மாட்டவில்லை! நூற்றைம்பது ஆண்டுக்கு முன் கேன்டர்பரியும் சவுத்லாந்தும் செய்ததை, அவையோரே, நாம் கேஸ் சிலிண்டரில் செய்து காட்டினோம்!

சிரியுங்கள். நானும் அன்று சிரித்தேன். ஆனால் அண்ணர் கதிர்காமநாதன் சிரிக்கவில்லை. அவர் காரை எடுத்துக்கொண்டு போய், வேறு குழாய் தேடி வாங்கிவந்து, அடுப்பை மூட்டினார். மாசியின் பானை பொங்கியபோது இங்கே நாம் சாப்பிட்டு முடித்து, பாயசக் கிண்ணத்தையும் வழித்துவிட்டு, பாதிப் பேர் வீடு போய்ச் சேர்ந்திருந்தோம். கார் நிறுத்துமிடத்தில் ஒற்றை மனிதர் நின்று, தம் பானைக்குத் தாமே பொங்கலோ பொங்கல் என்று கூவினார். கூடச் சேர்ந்து கூவ ஆளில்லை. அந்தப் பக்கம் நாயோடு நடந்துபோன ஒரு வெள்ளைக்கார அம்மாள் மட்டும் என்ன உதவி வேண்டும் என்று கேட்டாராம்.

இன்றைய தீர்மானத்தில் மாசிக்குத் தனி அடையாளம், நிர்வாக வசதி, போக்குவரத்து என்று பல காரணங்கள் எழுதியிருக்கிறார்கள். எதுவும் காரணமல்ல. பொங்கிய பானைக்கு ஒரு குரல் வரவில்லை. அதுதான் காரணம். நியாயமான காரணம். இதை நான் கேலி செய்யமாட்டேன்.

ஆனால் அண்ணா, இன்னொரு வீட்டையும் பார்க்க வேண்டும். மூன்றாம் வரிசை வீடு.

லக்ஷ்மிப்ரியாவும் அரவிந்தும் ஹெண்டர்சனில் குடியிருக்கிறார்கள். நியூ லின்னுக்கும் மாசிக்கும் நடுவில். திருநாவுக்கரசு ஐயாவின் மார்க்கர் தடித்தது என்று சொன்னேன் அல்லவா? அவர்களுடைய தெரு கோட்டுக்கு இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. கோட்டுக்குள்ளேயே இருக்கிறது! எல்லையில் வாழ்கிறவர்களை உலகம் பார்த்திருக்கிறது. எல்லைக்கோட்டின் மைக்குள் வாழ்கிறவர்களை நம் ஒன்றியம் ஒன்றுதான் படைத்திருக்கிறது.

நம்மிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. இந்த ஊரில் பிள்ளை பெற்ற பெண்ணுக்குத் தாய் பக்கத்தில் இல்லையென்றால், முறை வைத்துப் பத்தியச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்போம். மருத்துவமனையில் ஐஸ் தண்ணீரும் சாண்ட்விச்சும் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்தால் நம் ஆட்களின் பூண்டு வாசனை கதவில் காத்திருக்கும். நம் ஒன்றியம் செய்த காரியங்களில் எனக்குத் தெரிந்து உருப்படியானது இது ஒன்றுதான். மாகாணம் வந்தபின் அந்த முறையும் மாகாண வாரியாகப் பிரிந்தது.

இரண்டு ஆண்டுக்கு முன் லக்ஷ்மிப்ரியாவுக்கு முதல் குழந்தை. அம்மாவுக்கு விசா வரவில்லை. அரவிந்த் மாசிக்கு ஃபோன் செய்தார். அண்ணர் மிகுந்த அன்போடு சொன்னார்: "தம்பி, செய்யிறதுக்கு எங்களுக்குப் பஞ்சி அலுப்பு ஒண்டுமில்லை. ஆனா உங்கட தெரு நியூ லின்காரற்றை. நாங்கள் வந்தா அவை கோவிப்பினம்." நியூ லின்னுக்கு ஃபோன் செய்தார். ரதிதேவி அக்காவும் மிகுந்த அன்போடு சொன்னார்: "ஓம் தம்பி, நாளைக்கே வாறன். மாசிக்காரரிட்ட மட்டும் ஒரு சொல்லுக் கேட்டிட்டு வாறன்." மாசியில் ஃபோனை எடுக்கவில்லை. பக்குரங்காவுக்கும் சொன்னார். ஐயா சொன்னார்: "கண்டிப்பா பண்ணிடலாம் அரவிந்த். நாம இன்னொரு மாகாணத்துக்குள்ள வர்றோம் இல்லையா, மூணு பேரையும் வச்சு ஒரு கான்ஃபரன்ஸ் கால் போட்டுடறேன்."

யாரும் மறுக்கவில்லை, அவையோரே! மறுத்திருந்தால்கூட அவர் வேறு வழி பார்த்திருப்பார். மூன்று அரசுகளும் முழு மனதோடு சம்மதித்தன. மூன்று அரசுகளும் முறைப்படி காத்திருந்தன. அரவிந்துக்குச் சமைக்கத் தெரிந்தது டோஸ்ட். பச்சை உடம்புக்காரிக்கு டோஸ்ட் கொடுக்கக் கூடாது என்று எங்கோ கேட்டிருந்தார். டெய்ரி என்று இங்கே சொல்லும் தெருமுனைப் பெட்டிக்கடைக்குப் போனார். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் சூடாக இருந்தது ஒன்றே ஒன்று. கொத்திறைச்சியும் பாலாடைக்கட்டியும் மாவுக்குள் அடைத்துச் சுட்ட மின்ஸ் அண்ட் சீஸ் பை!

தாய்மார்கள் நெஞ்சில் கை வைக்கிறீர்கள். வையுங்கள். பிரசவித்த பெண்ணுக்குக் காலையும் பை, மாலையும் பை. கடைக்கார குஜராத்தி அம்மாவே பொறுக்கமுடியாமல், கவுண்டருக்குப் பின்னாலிருந்து தம் வீட்டுக் கிச்சடியைக் கொடுத்து அனுப்பினாராம். எந்த மாகாணத்திலும் சேராத அம்மா. அவரிடம் மார்க்கர் இல்லை.

செய்தி பரவியது. பிறகு என்ன நடந்தது? மூன்று மாகாணமும் ஒரே நாளில் ஒரே நேரத்தில் போய் நின்றன! மாசியிலிருந்து மிளகு சீரகம் அரைத்து மீன்போட்ட சரக்குக் கறி. பக்குரங்காவிலிருந்து பூண்டுக் குழம்பும் லேகியமும். நியூ லின்னிலிருந்து முருங்கைக்கீரைச் சுண்டலும் ரசமும். வாசலிலேயே மாநாடு. பிள்ளை பெற்றவள் மீன் சாப்பிடலாமா என்று பக்குரங்கா கேட்டது. மீன் இல்லாமல் பால் எப்படி ஊறும் என்று மாசி கேட்டது. உள்ளே குழந்தை அழுதது. அடுத்த நாள் யார் கொண்டுவருவது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த நாள்? பை!

இன்று லக்ஷ்மிப்ரியாவுக்கு இரண்டாம் பிரசவம் நெருங்கிவிட்டது. இன்னும் இரு வாரமோ, அதற்குள்ளோ. அம்மாவின் விசா இந்த முறையும் வரவில்லை. இன்றைய தீர்மானம் நிறைவேறினால் என்ன ஆகும்? நேற்றுவரை அந்தத் தெரு இரண்டு மாகாணங்களுக்கு நடுவே இருந்தது. இனி இரண்டு சங்கங்களுக்கு நடுவே இருக்கும். மாகாணத்தைத் தாண்டவே ஒரு கால் போட வேண்டியிருந்தது. சங்கத்தைத் தாண்ட என்ன போட வேண்டும்?

காலையில் கார் நிறுத்துமிடத்தில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். யாரைப் பற்றியும் குறை சொல்லவில்லை. என்னிடம் ஒன்று மட்டும் சொன்னார்: "சார், எந்த மாகாணம்னாலும் எனக்குச் சம்மதம். காலையில யாராவது கதவைத் தட்டற சத்தம் கேட்டா போதும்."

அவ்வளவுதான்! ஓர் அரசிடம் ஒரு மனித உயிர் கேட்பது அவ்வளவுதான்! அட்சரேகை கேட்கவில்லை. தண்டவாளம் கேட்கவில்லை. கதவைத் தட்டும் சத்தம் கேட்கிறாள்!

யார் அது? அதோ, பக்கவாசலில் ரதிதேவி அக்கா. கையில் அகப்பை. என்னக்கா, பொங்கிவிட்டதா? நான் நிறுத்தட்டுமா? இன்னும் இல்லையா? மைக் வேண்டுமா? வேண்டாமா? சரி, சத்தமாகவே சொல்லுங்கள்.

"மூண்டு அடுப்பில ஒண்டுதான் எரியுது. குழாய் இந்த முறையும் மாட்டேல்லை. நான் ஒருத்தரிட்டையும் கேக்கேல்லை. மூண்டு பகுதியின்ர அரிசியையும் பெரிய பானையில ஒண்டாப் போட்டிட்டன். கதைச்சு முடிச்சிட்டு வாங்கோ, கொதிக்குது."

கேட்டீர்களா, அவையோரே! கேட்டீர்களா! கூட்டம் இல்லை, தீர்மானம் இல்லை, முன்மொழிவு இல்லை, வழிமொழிவு இல்லை. ஓர் அகப்பை அசைந்தது. மூன்று மாகாணமும் ஒழிந்தன! இந்த நாட்டு நாடாளுமன்றம் எத்தனையோ நாள் வாதாடிச் செய்த காரியத்தை, நியூ லின்னின் மாகாண அதிபர் ஒரு கொதிக்குள் செய்துவிட்டு, கதவில் நின்று வியர்வை துடைக்கிறார்!

அண்ணர் கதிர்காமநாதன் அவர்களே! உங்கள் தீர்மானத்தை நான் எதிர்க்கவில்லை. ஒரே ஒரு திருத்தம் கேட்கிறேன். வெளியே போய், அந்தப் பானையிலிருந்து மாசியின் அரிசியை மட்டும் பொறுக்கி எடுங்கள். பக்குரங்காவின் பருக்கை ஒன்றும் ஒட்டாமல் எடுங்கள். எடுத்து முடித்த கணமே மாசி விடுதலை பெற்றதாக இந்த அவை கைதட்டும்.

அண்ணர் எழுந்து நிற்கிறார். பேசுங்கள் அண்ணா.

"அரிசி கிடக்கட்டும். தம்பி அரவிந்த், தங்கச்சிக்கு மீன் ஒத்துக்கொள்ளுமோ? முதல்ல அதைச் சொல்லும். திங்கட்கிழமை எங்கட வீட்டுச் சாப்பாடு."

திருநாவுக்கரசு ஐயாவும் எழுகிறார். கையில் மார்க்கர் இல்லை, பார்த்துக்கொண்டேன்.

"அப்போ செவ்வாய் நாங்க. கால் எல்லாம் வேண்டாம். நேரா வந்துர்றோம்."

புதன் யார்? பின்வரிசையில் நாலு கை. வியாழன்? மெதுவாக, மெதுவாக, அம்மாமார்களே, வெள்ளிக்கு ஏன் அடிதடி? ஒனிஹங்காவுக்கும் ஒரு நாள் விடுங்கள், எனக்கு ரசம் வைக்கத் தெரியும். தங்கை லக்ஷ்மிப்ரியா கை தூக்குகிறார். சொல்லும்மா.

"மீன் சாப்பிடுவேன் அங்கிள். பை மட்டும் வேண்டாம்."

தலைவர் அம்மையார் அவர்களே, தீர்மானம் என்ன ஆயிற்று என்று கேட்கிறேன். வாக்கெடுப்பு சாப்பாட்டுக்குப் பிறகு என்கிறார்! நிறைந்த வயிற்றோடு பிரிவினைக்குக் கை தூக்கிய தமிழனை நான் இன்னும் பார்க்கவில்லை. அம்மையாரின் ராஜதந்திரத்துக்கு என் வணக்கம்.

நண்பர்களே! ஆக்லாந்து மாகாணம் இருபத்துமூன்று ஆண்டுகள் ஆண்டது. அதிபர்கள் வந்தார்கள், போனார்கள். சட்டங்கள் எழுதினார்கள், அழித்தார்கள். எல்லை கிழித்தார்கள், அது புல்லுக்குள் மறைந்தது. மறக்கக்கூடாத தீமைகளும் அதன் காலத்தில் நடந்தன. ஆனால் சாமானிய மனிதனுக்கு அது விட்டுச்சென்ற நன்மை என்ன? ஒரு திங்கட்கிழமை! நம் மாகாணங்களும் போகட்டும். அவற்றின் பெயரை நம் பிள்ளைகள் மறக்கட்டும். மார்க்கர் மை வெளுத்துப் போகட்டும். ஆனால் நாமும் ஒரு திங்கட்கிழமையை விட்டுச்செல்வோம். ஹெண்டர்சனில், கோட்டுக்குள் இருக்கும் ஒரு வீட்டில், ஒரு கதவைத் தட்டும் திங்கட்கிழமை! கையில் சூடான பாத்திரத்தோடு தட்டும் திங்கட்கிழமை! எந்த மாகாணம் என்று உள்ளேயிருந்து யாரும் கேட்காத திங்கட்கிழமை!

என்னது, "கேன் வி ஈட் நவ்" என்கிறதா அந்தப் பிஞ்சுக் குரல்? இந்த அவையிலேயே தெளிவான பேச்சு அதுதான். ரதிதேவி அக்கா அகப்பையை ஆட்டுகிறார். நுரை விளிம்புக்கு வந்துவிட்டதாம். பொங்கியபின் பேசக்கூடாது என்பது என் ஒப்பந்தம்.

இடம் கொடுத்த தலைவருக்கும், இடம் கொடுக்காத வரைபடத்துக்கும், பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், குறுக்கே பேசி எனக்கு மூச்சு வாங்க நேரம் தந்தவர்களுக்கும் என் நன்றி. எல்லோரும் வெளியே வாருங்கள். பானையைச் சுற்றி நில்லுங்கள். சென்ற ஆண்டு தனியாகக் கூவிய மனிதர் இந்த ஆண்டு முதலில் கூவட்டும். அவர் வாயை மூடுமுன் நாம் அத்தனை பேரும் கூவுவோம். அண்ணர் கதிர்காமநாதன் அவர்களே, முன்னே நடங்கள். வணக்கம்!